அண்ணன் அடித்த பச்சை பெயின்ட்

பிறந்த வீடு எதிரே நிற்க, அதை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போன பெண் இந்தக் கிருஷ்ணகிரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அன்று ஓசூரில் ஏறிய பஸ் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கொண்டுவந்து இறக்கிவிட்டது. ஒரு கையில் ஃபைல், இன்னொரு கையில் அண்ணிக்கு வாங்கிய ரோஜாக் கட்டு. பேட்டைத் தெருவுக்குள் நுழைந்தேன். முதலில் மாவு மில். மில்லைத் தாண்டினால் மிளகாய் நெடி. நெடி குறையும் இடத்தில் எங்கள் வீடு. ஐம்பத்தாறு வருஷமாக இதுதான் அடையாளம். கண்ணை மூடிக்கொண்டே போய்விடுவேன். அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு போனதுதான் தப்பாகிவிட்டது.

நெடி குறைந்த இடத்தில் ஒரு பச்சை வீடு நின்றது. இலைப் பச்சை இல்லை, பாசிப் பச்சையும் இல்லை. பிளாஸ்டிக் குடம் விற்பார்களே, அந்தப் பச்சை. ஜன்னல்களைச் சுற்றி ரோஸ் கலரில் பட்டை வேறு. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் அந்தச் சுவரில் பளபளவென்று தெரிந்தது. யாரோ புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

"பாப்பா, எங்க போற? ஊடு இங்க இருக்குது."

அண்ணன் குரல். திரும்பிப் பார்த்தால், லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அந்தப் பச்சை வீட்டு வாசலில் நிற்கிறான். காது மடல் வரைக்கும் பச்சை. என்னைவிட இரண்டே வயது மூத்தவன். அதனால் எழுத்தில்கூட அவனுக்கு 'அவர்' போட எனக்குக் கை வருவதில்லை. கோபித்துக்கொள்ளும் வாசகர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

"எப்படி இருக்குது?" என்று கேட்டான். முகம் முழுக்கச் சிரிப்பு.

எனக்கு மயக்கம் வராத குறை. ஃபைலைத் தெருவிலேயே போட்டுவிட்டேன்.

சுவரில் ஒரு சிவப்பு எண்

அந்த ஃபைலில் என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு பெயின்ட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள்.

சில மாதங்களுக்கு முன் தெருவை அகலப்படுத்த அளந்தார்கள். அளந்தவர்கள் எங்கள் முன்சுவரில் சிவப்பு மையால் ஒரு எண் எழுதி, அதன் கீழே ஓர் அம்புக்குறியும் போட்டுவிட்டுப் போனார்கள். அம்பு நின்ற இடம்வரை இடிபடும் என்று அர்த்தம். எட்டடிதானே என்றார்கள். அந்த எட்டடிக்குள்தான் முன்பக்கத்துக் கல்தூண் நான்கும் நிற்கின்றன. மாடிப்படியும் அதற்குள்தான். முன்பக்கம் போனால் படி போகும். படி போனால் மாடி அந்தரத்தில் நிற்கும். அப்புறம் வீடு என்று எதைச் சொல்வது?

அண்ணன் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி போனில் சொன்னாள். நான் ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். எனக்கு எதையாவது அளக்காமல், எழுதாமல் இருக்க முடியாது. பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டால் யாரும் கை வைக்க முடியாது என்று கேள்விப்பட்டு மனு எழுதினேன். ஓசூர் பக்கத்து மத்திகிரியில் என் வாடகை வீட்டுச் சாப்பாட்டு மேஜை மூன்று மாதம் மனு எழுதும் மேஜையாகவே இருந்தது. படம், அளவு, வரைபடம், எல்லாம் வைத்தேன்.

பதில் வந்தது. குழு நேரில் வந்து பார்க்குமாம். அவர்கள் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள்தான் நான் என் வீட்டைத் தாண்டிப் போனேன்.

என் கம்பெனியாக இருந்தால் ரிஜெக்ட்

வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னைப் பேச விட்டால் நிறுத்த மாட்டேன், எச்சரித்துவிட்டேன்.

கட்டியது எங்கள் தாத்தாவுக்கும் தாத்தா. புளி வியாபாரி. சுற்றுப்பட்டுப் புளியெல்லாம் இந்த வீட்டுக்கு வந்து, இங்கிருந்து மைசூர்ப் பக்கம் வண்டியில் போகுமாம். கீழே குடும்பம், மாடியில் புளி. கூடத்து மேல்தளத்தில் சதுரமாக ஒரு திறப்பு உண்டு, அதற்கு மேலே இரும்புக் கப்பி. மூட்டையைக் கயிற்றில் கட்டி அந்த வழியாக இறக்குவார்கள். எங்கள் காலத்தில் புளி இல்லை. நானும் அண்ணனும் அந்தத் திறப்பில் தலையை நீட்டிக் கீழே வருகிற விருந்தாளிகளின் வழுக்கையை எண்ணுவோம்.

இன்றைக்கும் நல்ல மழை பெய்தால் மாடி புளிக்கும். சுவர் குடித்து வைத்திருக்கிற வாசனை அது. அந்த வாசனையை முகர்ந்தால் எனக்குப் பசி எடுக்கும்.

சுவர் இரண்டடி தடிமன். மேல்தளம் மெட்ராஸ் ஒட்டு. தேக்குக் கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் சின்னச் சின்ன செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பால் ஒட்டியது. கம்பி கிடையாது, சிமென்ட் கிடையாது. வெயில் காலத்தில் உள்ளே படுத்தால் ஃபேன் வேண்டாம்.

கட்டிய கதை ஒன்று வீட்டில் உலவும். கல் வேலைக்கு உள்ளூர்த் தமிழ் ஆட்கள், மர வேலைக்குக் கன்னடக்காரர்கள், சுண்ணாம்புப் பூச்சுக்குத் தெலுங்குக்காரர்கள். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் பாதிதான் புரியும். ஆளுக்கொரு அளவுகோல், ஆளுக்கொரு முழம். தினமும் சண்டையாம். உண்மையோ பொய்யோ, விளைவைப் பார்த்தால் நம்பத்தான் வேண்டியிருக்கிறது. வீட்டில் மொத்தம் பதினோரு ஜன்னல்கள். என் டேப்பை வைத்து அளந்தேன். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உயரம் ஒத்துப்போகவில்லை. நிலைக்கதவு இடது பக்கம் ஒரு விரல் தாழ்வு. என் கம்பெனிக்கு வந்திருந்தால் இந்த வீட்டை முதல் டேபிளிலேயே ரிஜெக்ட் செய்திருப்பேன். வீடு என்னவோ அசையாமல் நிற்கிறது.

வருஷா வருஷம் யுகாதிக்கு முன்னால் வெள்ளையடிப்பது வழக்கம். பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடிப்போம். அடித்து அடித்துச் சுவரின் மூலையெல்லாம் மழுங்கிவிட்டது. நிலைக்கு மேலே ஏதோ சுதை வேலை இருந்திருக்கிறது. எங்களுக்கு நினைவு தெரிந்து அது வெறும் மூன்று வெள்ளை உருண்டைகள். அம்மா அதைக் கொழுக்கட்டை என்பாள். அதற்கும் சேர்த்துப் பொட்டு வைப்பாள்.

பளபளன்னு இருந்தாத்தான்

இப்போது தெருவுக்கு வருவோம்.

"என்னாண்ணா பண்ணி வச்சிருக்க?" என்றேன்.

"ஆபீசருங்க வர்றாங்கன்னு நீதான சொன்ன?"

"வர்றாங்கன்னு சொன்னேன். பெயின்ட் அடின்னா சொன்னேன்?"

"மூணு நாள் லீவு போட்டுட்டுப் பண்ணிருக்கேன். பழசாத் தெரிஞ்சா இடிக்கச் சொல்லிடுவாங்க பாப்பா. நல்லாப் பளபளன்னு இருந்தாத்தான் உட்டு வைப்பாங்க."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பழைய வீடு என்று காட்டத்தான் மூன்று மாதம் எழுதினேன். இவன் மூன்று நாளில் அதைப் புது வீடாக்கிவிட்டான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. கிரானைட் பட்டறையில் பாலிஷ் பிரிவு சூப்பர்வைசர். முப்பது வருஷமாக அவனுக்கு நல்ல கல் என்றால் முகம் தெரிகிற கல். முகம் தெரியாவிட்டால் அது இன்னும் முடியாத வேலை. எங்கள் வீட்டை அவன் பிறந்ததிலிருந்து முடியாத வேலையாகத்தான் பார்த்திருக்கிறான் போல.

அப்போதுதான் தூணைப் பார்த்தேன். நான்கு தூண்களும் ஒற்றைக் கல்லில் செய்தவை. உளி கொத்திய தடம் புள்ளி புள்ளியாக இருக்கும். முதுகு அரித்தால் அதில்தான் தேய்த்துக்கொள்வோம். இடது பக்கத்திலிருந்து இரண்டாவது தூண், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை கறுப்பாக, ஈரமாக மின்னியது. தொட்டுப் பார்த்தேன். ஈரம் இல்லை. பாலிஷ். அதில் என் புடவை தெரிந்தது. பக்கத்தில் பட்டறையிலிருந்து கொண்டுவந்த மெஷின். அதன் வயர் பிளக்கில் செருகியிருந்தது.

"மொத நாலு தூணையும் முடிச்சிடலாம்னு பாத்தேன். நேத்து மாசாந்திர ஷட்டவுன். ஒம்போது மணிக்குப் போன கரண்ட் அஞ்சு மணிக்குத்தான் வந்துச்சு. இன்னிக்கு முடிச்சிருவேன்," என்றான்.

நான் போய் பிளக்கைப் பிடுங்கினேன். பிறகு திட்டினேன். என்ன திட்டினேன் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. எதிர்வீட்டு நாகரத்னம்மா வெளியே வந்து, "ஏமி இதி, காலைலயே?" என்று பாதித் தெலுங்கில் என்ன இது என்று கேட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க வசதியாக ஒரு சேரும் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

நான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அண்ணன் சிரிப்பு இறங்கியது. கடைசியில், "அப்ப நானேதான் ஊட்ட இடிச்சிட்டேனா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை.

அண்ணியின் நகம்

எங்களை மீட்டது அண்ணிதான். நாங்கள் இரண்டு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் சுவரோரம் போய் நின்றாள். பச்சையில் ஓர் இடத்தில் அப்பளம் போலப் பொம்மியிருந்தது. அதை நகத்தால் கீறினாள்.

ஒரு முறம் அளவுக்குப் பச்சை அப்படியே கழன்று அவள் கையோடு வந்தது.

அண்ணன் கூலிக்கு வைத்த பெயின்ட்டர்கள் முன்பே சொன்னார்களாம், சுண்ணாம்பைச் சுரண்டி, பிரைமர் அடித்துவிட்டுத்தான் எண்ணெய் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று. நேரமில்லை என்று அண்ணன் கேட்கவில்லை. பொடியாக உதிரும் சுண்ணாம்பின் மேல் பெயின்ட் எப்படி நிற்கும்? பச்சை கழன்றதோடு நிற்கவில்லை. அத்தனை வருஷத்து வெள்ளையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தது. அடியில் சந்தன நிறத்தில், வழவழவென்று, நாங்கள் யாருமே பார்த்திராத ஒரு சுவர்.

"அண்ணி, தொடாதீங்க," என்று கத்தினேன். பிறகு, "இல்ல, தொடுங்க," என்றேன்.

அன்றைக்கு ஒரே ஒரு சட்டம் போட்டேன். இரும்பு எதுவும் சுவரில் படக்கூடாது. நகம், மரக்கரண்டி, கொட்டாங்கச்சி, எது வேண்டுமானாலும் சரி. அண்ணன் பட்டறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நாகரத்னம்மா சேரை மடக்கி வைத்துவிட்டு மருமகளோடு வந்தார். மாவு மில்காரர் மில்லைச் சாத்திவிட்டு வந்தார். மத்தியானத்துக்குள் பன்னிரண்டு பேர்.

உரிப்பதில் என்ன சுகம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். யார் கிழியாமல் பெரிசாக உரிப்பது என்று போட்டி வந்துவிட்டது. நாகரத்னம்மா ஒரு துண்டு உரித்தார் பாருங்கள், ஒரு கைக்குழந்தையைப் போர்த்தலாம். அதை இரண்டு கையிலும் பிடித்துத் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். அண்ணி இரண்டு தடவை தக்காளிச் சோறு ஆக்கினாள். சோற்றில் சுண்ணாம்பு விழுந்தது, யாரும் கவலைப்படவில்லை. எந்தப் பண்டிகைக்கும் அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு கேட்டதில்லை.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஏணி மேல் ஏறி, நிலைக்கு மேலிருந்த கொழுக்கட்டைகளில் வேலை செய்துகொண்டிருந்தான். ஈரத்துணியால் ஒற்றுவான், மூங்கில் குச்சியால் மெல்ல எடுப்பான், மறுபடி ஒற்றுவான். சாயங்காலம் வெளிச்சம் போகிற நேரத்தில் மேலிருந்து கூப்பிட்டான்.

"பாப்பா, இது கொழுக்கட்டை இல்ல. ஆளுங்க."

மூன்று ஆட்கள். நிலைக்கு மேலே லட்சுமியோ பிள்ளையாரோ இருக்க வேண்டிய இடத்தில், தலைப்பாகை கட்டிய மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கையில் உளி, ஒருவன் கையில் ரம்பம், ஒருவன் கையில் சுண்ணாம்பு பூசும் கரணை. தினமும் சண்டை போட்டவர்கள் கடைசி நாளில் தங்களையே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் தலைமுறை தலைமுறையாக அவர்களை வெள்ளையடித்து மூடியிருக்கிறோம்.

தெருவே அண்ணாந்து பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெயின்ட் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பதினோரு மணி

மறுநாள் பதினோரு மணிக்குக் குழு வந்தபோது கீழ்ப்பகுதி முழுக்க உரித்து முடித்திருந்தோம். மாடி இன்னும் பச்சையாகவே நின்றது. வந்தது ஒரு அம்மாவும் ஒரு பொறியாளரும். அந்த அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். தொப்பி, தோள்பை, கையில் நோட்டு. வாசலில் நின்று கீழே பார்த்தார், மேலே பார்த்தார், எங்கள் தலைமுடியில் ஒட்டியிருந்த பச்சையைப் பார்த்தார்.

"நீங்க அனுப்பின படத்துல இந்தப் பச்சை இல்லையே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் வந்துவிட்டான்.

"நான்தாங்க மேடம். பச்சையும் நான்தான், அந்தத் தூணும் நான்தான். என் தங்கச்சிக்குத் தெரியாது. தப்பு என்னோடதுங்க. ஊட்டு மேல போட்டுறாதீங்க."

அவர் தூணுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். மேலே கொரகொரப்பு, கீழே கண்ணாடி. இரண்டும் சேரும் இடத்தில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தேய்த்தார்.

"கையால கொத்தின தடம் இது. போனது போனதுதான். இனிமே யாராலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது. தெரியுமா?"

"தெரியுதுங்க."

"ஏன் பாதியில நிறுத்திட்டீங்க?"

"ஷட்டவுன்ங்க."

பொறியாளர் திரும்பிக்கொண்டு சிரித்தார். அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டில் எதையோ எழுதினார். பிறகு நிலைக்கு மேலே பார்த்தார். அவ்வளவுதான், ஏணி கேட்டார். ஏணியில் ஏறியவர் அரை மணி நேரம் இறங்கவில்லை. நான் கீழே நின்று மூன்று அளவுகோல் கதையைச் சொன்னேன். ஜன்னல் அளவுகளைக் காட்டினேன். கப்பியைக் காட்டினேன். மாடியில் மூச்சை இழுத்து முகரச் சொன்னேன். அவரும் முகர்ந்தார்.

கிளம்பும்போது, "எழுத்துலதான் பதில் வரும்," என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை.

நாலு பக்கம்

அதன்பிறகு காத்திருந்தோம். மாங்காய் சீசன் வந்து போனது. அண்ணன் அந்தத் தூணைச் சுற்றிக் கோணிப்பையைக் கட்டிவிட்டான். கேட்டால் வெயில் படுகிறது என்பான். கல்லுக்கு என்ன வெயில்? அவனுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்று அண்ணி சொன்னாள். நான் திட்டியதை நினைத்து எனக்குத்தான் தூக்கம் கெட்டது.

கடிதம் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமையில்லை, பண்டிகையில்லை. ஆனாலும் லீவு போட்டுவிட்டு ஓடினேன். நான் வரும்வரை பிரிக்காமல் வைத்திருந்தார்கள். நான்கு பக்கம். அண்ணன்தான் படிக்க வேண்டும் என்றேன். வாசலில் நின்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான். நாகரத்னம்மா சேரோடு வந்துவிட்டார்.

முதல் பக்கத்திலேயே விஷயம் வந்தது. வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. எந்தப் பகுதியையும் இடிக்கக்கூடாது. சாலை இந்த இடத்தில் வளைந்து செல்லும். மாவு மில்காரர் விசில் அடித்தார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் சந்தோஷத்தில் அண்ணன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

மற்ற பக்கங்கள் வீட்டின் விவரம். பதினோரு ஜன்னல்கள், ஒவ்வொன்றின் உயரம். கப்பி. மெட்ராஸ் ஒட்டு. நிலையின் மேல் தொழிலாளர் மூவரின் சுதை உருவங்கள். மூன்றாவது பக்கத்தில் அண்ணனின் குரல் நின்றுவிட்டது.

"என்னாண்ணா, படி," என்றேன்.

கடிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தான். "இடப்புறமிருந்து இரண்டாவது கல்தூண், இடுப்பு உயரம் வரை, தற்போது இவ்வீட்டில் வசிக்கும் கிரானைட் தொழிலாளியால் மெருகேற்றப்பட்டது. கட்டியவர்களின் உளித்தடமும் இவருடைய மெருகும் உள்ளது உள்ளபடியே பாதுகாக்கப்பட வேண்டும்."

இன்னொரு தடவை படித்தான். இந்தத் தடவை மனதுக்குள். பிறகு போய்க் கோணிப்பையை அவிழ்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த மின்னும் பாதியைச் சுற்றிலும் துடைத்தான்.

"முப்பது வருஷமா பாலிஷ் போட்ட கல்லு அத்தனையும் கப்பல்ல போயிடுச்சு பாப்பா," என்றான். "எந்த ஊரு, யாரு ஊடு, ஒண்ணும் தெரியாது. ஒரு கல்லக்கூட ரெண்டாந்தடவை பாத்ததில்ல. இது ஒண்ணு இங்கயே இருக்கும்."